குழுவை நடத்தியவரையும் நினைப்போம்

ஆசிரியருக்கு,

பழைய இசைத்தட்டுகள் பற்றி ஞாயிறு மலரில் வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். பாடகர்களைப் பற்றி நிறைய இருந்தது. வாத்தியக் குழுவை நடத்தியவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமன் 1952-இல் இளம் வயதிலேயே காலமானார். அவர் பாதியில் விட்டுச்சென்ற படங்களை முடித்துக் கொடுத்தவர்கள் அவர் குழுவிலிருந்த விஸ்வநாதனும் ராமமூர்த்தியும்தான். அடுத்து வந்த திரையிசைக்கே அந்தக் குழு ஒரு பள்ளிக்கூடம். அதை எப்படி விட்டுவிட முடியும்?

ராயபுரத்தில் எங்கள் வீட்டில் அப்பா சேர்த்த, நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டுகள் இருக்கின்றன. பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் ஓடும். பல தட்டுகளின் லேபிளில் வாசித்த ஒருவர் பெயரும் இல்லை. வடசென்னைக் கிளை நூலகம் ஒன்றில் இவற்றை டிஜிட்டலாக்கி, விவரம் தெரிந்த பெரியவர்களிடம் கேட்டுப் பெயர்களையும் பதிந்துவைக்கலாம். எங்கள் தட்டுகளை முதலில் நானே கொண்டுவந்து தருகிறேன்.

- வாசகர், ராயபுரம்