கடையைக் குறை சொல்லுமுன் மணிக்கூட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இரவு கொத்து ரொட்டி, விடியற்காலையில் வயிற்றோட்டம், காலை ஏழு மணிக்குக் கடையின் பெயர் முகநூலில். நம் பகுதியில் இது வழமையாகி வருகிறது. கடைக்காரருக்கு வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை. கடைசியாகச் சாப்பிட்டதுதான் காரணம் என்ற கணக்குப் பல தடவை பிழையாகிவிடுகிறது, உண்மையான இடமும் தப்பிவிடுகிறது.

முதலில் பார்க்க வேண்டியது, சாப்பிட்டு எத்தனை மணித்தியாலத்தில் வருத்தம் தொடங்கியது என்பதை. அரை மணித்தியாலம் முதல் 6 மணித்தியாலத்துக்குள், காய்ச்சல் இல்லாமல் சத்தியே பெரிதாக வந்தால், வாய்க்குள் போகுமுன்பே உணவில் நஞ்சு ஊறியிருக்கலாம். காலையில் அவித்த சோற்றை மாலைவரை வெளியில் வைத்து பிரைட் ரைஸ் போட்டால் பசிலஸ் சீரியஸ் கிருமி அந்த வேலையைச் செய்யும். சமைப்பவரின் கைப்புண்ணிலிருந்து ஸ்டெபிலோகொக்கஸ் என்ற கிருமி வரும். இரண்டின் நஞ்சும் மறுபடி சூடாக்குவதால் அழியாது. ஆகவே "சுடச்சுடத்தானே தந்தோம்" என்று கடைக்காரர் சொன்னால் அது எடுபடாது. சூரை, கெலவல்லா போன்ற மீன் சாப்பிட்டு ஓரிரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு கடித்தால் அது மீனில் ஊறும் ஹிஸ்டமின் என்ற நஞ்சாக இருக்கலாம். பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் கிடந்தால் இது உண்டாகிறது, சமைத்தாலும் போகாது. சிலர் இதை ஒவ்வாமை என்று நினைத்து மீனையே விட்டுவிடுகிறார்கள், பாவம்.

சத்தியோ காய்ச்சலோ பெரிதாக இல்லாமல், 6 முதல் 24 மணித்தியாலத்தில் வயிற்றுக்குத்தும் வயிற்றோட்டமும் வந்தால் கிடாரத்தைச் சந்தேகியுங்கள். மூடிவைத்த இறைச்சிக் கறி மெல்ல ஆறும்போது, கொதியில் சாகாத வித்துகளிலிருந்து குளொஸ்ட்ரிடியம் என்ற கிருமி பெருகும். அதற்குப் பிந்தி வருபவைதான் ஆளை ஏமாற்றுபவை. நொரோ வைரஸுக்கு 12 முதல் 48 மணித்தியாலம், சல்மொனெல்லாவுக்கு 6 மணித்தியாலம் முதல் 6 நாள், கம்பைலோபக்டருக்குப் பொதுவாக 2 முதல் 5 நாள். செங்கமாரி ஏ வகை (ஹெபடைட்டிஸ் ஏ) 15 முதல் 50 நாள் எடுக்கும், அதற்குள் எந்தக் கடையை நினைவில் வைத்திருப்பது!

எனவே வருத்தம் தொடங்கியதும் பின்னோக்கி 3 நாளின் உணவை ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டுச் சாப்பாடு, ஐஸ் போட்ட குளிர்பானம், சோஸ், குடித்த தண்ணீர் எல்லாம் அதில் வர வேண்டும். பிறகு ஆட்களை ஒப்பிடுங்கள். எட்டுப் பேர் போய், கோழி பிரைட் ரைஸ் சாப்பிட்ட ஐவரில் நால்வருக்கு வருத்தம், கொத்து மட்டும் சாப்பிட்ட மூவருக்கு ஒன்றுமில்லை என்றால் அது பேசும் கணக்கு. ஒரே சஹனில் (பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டில்) உண்டவர்களை ஒப்பிட்டுப் பயனில்லை, எல்லோரும் எல்லாவற்றையும் தொட்டிருப்பார்கள். கடைக்கே போகாத பிள்ளைக்கு முதலில் வந்து, ஓரிரு நாளில் மற்றவர்களுக்கும் வந்தால் அது வீட்டுக்குள் பரவியது. மாரி வெள்ளத்தில் மலசலகூடக் குழியும் கிணறும் ஒன்றாகும் நாட்களில் கிணற்றையும் சந்தேகியுங்கள். ஒருவருக்கு மட்டும் வந்த வருத்தத்தை வைத்து ஒரு கடையை உறுதியாகக் காட்டுவது அநேகமாக முடியாது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வீட்டார், ஒரே கடை, ஒரே உணவு என்றால் கதை வேறு.

மிச்சப் பார்சலை எறியாதீர்கள். சுத்தமான பையில் கட்டி, நாளும் நேரமும் எழுதி பிரிட்ஜில் வையுங்கள். உறைய விட வேண்டாம், சில கிருமிகள் உறைந்தால் செத்துவிடும், பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. பாமசியில் அன்டிபயோடிக் வாங்கி விழுங்கிவிட்டு வைத்தியரிடம் போனாலும் இதே நிலைதான். மல மாதிரியை மருந்துக்கு முன் கொடுக்க வேண்டும். ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஜீவனி (வயிற்றோட்டத்துக்கான உப்புக் கரைசல் தூள்) ஒரு பக்கெட் கரைத்து அடிக்கடி குடியுங்கள். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைவு, குடித்ததெல்லாம் சத்தியாவது ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே ஆஸ்பத்திரி. கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றால் அதற்கும் காத்திருக்க வேண்டாம்.

உணவு நஞ்சாதல் வைத்தியர்கள் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டிய நோய், அதற்குச் சந்தேகமே போதும். நீங்களும் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு (பி.எச்.ஐ.) அன்றே சொல்லுங்கள், அதுவும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன். முகநூலில் பெயர் வந்தால் சற்று நேரத்தில் கிடாரம் கழுவிக் கவிழ்க்கப்பட்டுவிடும். பிறகு பரிசோதகர் வந்து எதை எடுப்பது?

ஒரு வாசகர்,
கல்முனை