லைப்சிக் தோழிகளும் ஆறாம் வகுப்புத் தங்கைகளும்: ஒரு நன்றி மடல்

மதுரை, பிப்ரவரி 2025

எல்லோருக்கும் வணக்கம்.

செய்முறைத் தேர்வு நெருங்குகிறது, மார்ச்சில் பொதுத் தேர்வு. இந்த நேரத்தில் மடல் எழுத உட்கார்ந்திருப்பது தெரிந்தால் வீட்டில் திட்டு விழும். ஆனால் தேர்வு முடிந்ததும் பிளஸ் டூ பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் போய்விடுவோம். அப்புறம் யார் எழுதுவது? போன அக்டோபரில் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்திலிருந்து ஏழு மாணவிகளும் ஓர் ஆசிரியையும் வந்து நம் வீடுகளில் தங்கி, நம் பள்ளியில் படித்துவிட்டுப் போனார்கள். வழியனுப்பு விழாவில் மேடையில் இருந்தவர்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்தியாகிவிட்டது. இந்த மடல் மேடை ஏறாதவர்களுக்கு.

முதல் நன்றி பள்ளிக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் அண்ணனுக்கு. வெளிநாட்டுக்காரர் ஒருவர் நம் வீட்டில் தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரங்களை அரசு இணையதளத்தில் ‘சி ஃபார்ம்’ என்ற படிவத்தில் பதிய வேண்டியிருந்தது. ஹோட்டல்களுக்கு மட்டும்தான் இந்தச் சட்டம் என்று நம் அப்பாக்கள் நினைத்திருந்தார்கள். வீட்டுக்கும் உண்டு. பாஸ்போர்ட், விசா, போட்டோ, எங்கிருந்து வந்தார், அடுத்து எங்கே போகிறார் என்று கேள்வி நீண்டுகொண்டே போகும். அவர்கள் வந்து இறங்கியதோ ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் காத்திருந்தார். போட்டோவின் அளவு சரியில்லை என்று அந்த இணையதளம் திருப்பித் திருப்பித் தள்ளியபோதும் முகம் சுளிக்கவில்லை. ஸ்கேனுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

அடுத்து, வீட்டில் இடம் கொடுத்த அம்மாக்கள். வந்தவர்களில் ஒரு பெண் வீகன். “கறி சாப்பிட மாட்டாளா, அதனாலென்ன” என்று சாதாரணமாக இருந்த என் தோழியின் அம்மா, பால், தயிர், நெய்கூட ஆகாது என்று கேட்டதும் ஆடிப்போய்விட்டார். “தயிர்கூட இல்லாம ஒரு பிள்ளை எப்படிச் சாப்பாட்டை முடிக்கும்?” ஒரு நாள் முழுக்க யோசித்தபின்தான் தெரிந்தது, இட்லி, நல்லெண்ணெய் விட்ட பொடி, வேர்க்கடலைச் சட்னி என்று நம் காலைச் சாப்பாட்டில் பாதி அப்படித்தான் இருக்கிறது. நவராத்திரி வேறு. கொலு வைத்த வீடுகளில் எல்லாம் சுண்டல். அந்தப் பெண் ஊருக்குப் போகும்போது பொடி பாட்டில்களைத் துணிக்குள் சுருட்டி எடுத்துப் போனாள். கொலுவுக்கு அழைத்த தெருக்காரர்களுக்கும், இரண்டு வீட்டுக்குக் குடிதண்ணீர் கேன் போட்டுவிட்டுக் கடைசிவரை காசு வாங்காத அண்ணனுக்கும் நன்றி.

தமிழம்மாவுக்கு ஒரு வரி. திருக்குறளை 1856-லேயே ஜெர்மனில் மொழிபெயர்த்தவர் லைப்சிக் மிஷனின் தலைவராக இருந்த கார்ல் கிரவுல் என்று வரவேற்பில் நீங்கள் சொன்னது லைப்சிக் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எங்களுக்கும் தெரியாது. சமாளித்துத் தலையாட்டினோம்.

இனி, ஆறாம் வகுப்புத் தங்கைகளுக்கு வருகிறேன். இந்த மடலே பெரும்பாலும் உங்களுக்காகத்தான்.

வெளியிலிருந்து படிப்பவர்களுக்காக: எங்கள் பள்ளியில் ஜூன் மாதம் ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளைகளை பிளஸ் ஒன், பிளஸ் டூ அக்காக்களிடம் ஒப்படைப்பார்கள். ஆளுக்கு இரண்டு தங்கைகள். சாப்பாட்டு இடைவேளையில் கூட உட்கார்ந்து வாசிக்க வைப்பது, வாய்ப்பாடு கேட்பது, எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று சொல்லித் தருவது, அழுதால் மூக்கைத் துடைத்துவிடுவது எல்லாம் எங்கள் வேலை. சின்னத் தொடக்கப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இந்தக் கட்டடமே பயம். எங்களில் சிலருக்கு இந்த வேலை பாரமாகவும் இருந்தது, மறைப்பானேன்.

ஜெர்மன் மாணவிகள் வருகிறார்கள் என்றதும், நன்றாக ஆங்கிலம் பேசும் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்துக் கேள்வி-பதில் மனப்பாடம் செய்ய வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஆங்கில டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. “பெரிய பிள்ளைங்க தப்பு வந்துடுமோன்னு பயந்து வாயே திறக்க மாட்டாங்க. ஆறாம் வகுப்பைப் பேச விடுங்க” என்றார். ஹெச்.எம். அம்மாவும் சரி என்றார். இருவருக்கும் நன்றி, குறிப்பாக அந்தத் துணிச்சலுக்கு.

என் தங்கைகளில் ஒருத்தி வகுப்பில் பெயரைக் கேட்டாலே தரையைப் பார்ப்பாள். (பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவாள்.) இரண்டாம் நாள் வேப்பமரத்தடியில் அவள் தன்னைவிட இரண்டு மடங்கு உயரமான ஒரு பெண்ணைச் சம்மணம் போட்டு உட்கார வைத்து அஞ்சாங்கல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். “ஒன் அப். டூ டவுன். நோ நோ, திஸ் ஹேண்ட் நோ!” மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, கல்லை உள்ளங்கையில் எப்படி ஏந்துவது என்று காட்டி, தவறவிட்டபோது இரக்கமே இல்லாமல் “அவுட்!” என்று கத்தினாள். அந்தக் குரலை அதுவரை நான் கேட்டதில்லை.

அக்டோபர் 9 அன்று எல்லோரும் காந்தி அருங்காட்சியகத்துக்குப் போனோம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை அது. 1959-இல் நேரு திறந்து வைத்தார். சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த, ரத்தக் கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. நாங்கள் பலமுறை பார்த்தது என்பதால் பேசிக்கொண்டே நகர்ந்தோம். லைப்சிக் பிள்ளைகள் நகரவில்லை. அப்போது ஒருத்தி, இன்றைக்கு எங்கள் ஊரிலும் முக்கியமான நாள் என்றாள். 1989 அக்டோபர் 9, திங்கட்கிழமை. லைப்சிக் அப்போது கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்த கிழக்கு ஜெர்மனியில் இருந்தது. அந்த ஆட்சியை எதிர்த்து, ஆயுதப் போலீஸ் தயாராக நிற்க, கிட்டத்தட்ட 70,000 பேர் ‘வன்முறை வேண்டாம்’ என்று முழங்கியபடி நகரைச் சுற்றி நடந்தார்கள். துப்பாக்கி வெடிக்கவில்லை. சரியாக ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. நடந்தவர்களில் அவளுடைய பாட்டியும் ஒருவர்.

நாங்கள் என்ன கேட்பது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தபோது, ஆறாம் வகுப்புக் கூட்டத்திலிருந்து ஒரு குரல்: “யுவர் கிராண்ட்மா நோ ஃபியர்?” நிறைய பயம், என்றாள் அவள். திரும்பி வராவிட்டால் என்ன செய்வது என்று, சின்னப் பிள்ளையாக இருந்த அவளுடைய அம்மாவையும் வீட்டுச் சாவியையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் பாட்டி போனாராம். இந்தப் பதிலை வரவழைத்தது உங்கள் கேள்விதான், தங்கைகளே. நேரமாகிறது என்று எங்களை விரட்டாமல் நின்ற அருங்காட்சியக ஊழியருக்கும் நன்றி.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் தையல் இயந்திரங்களுக்கும் சைக்கிள்களுக்கும் பொட்டு வைத்ததை இங்கே விரிக்கவில்லை; போட்டோக்கள் எல்லோரிடமும் இருக்கின்றன.

ஆயாம்மாவை மட்டும் விட முடியாது. விருந்தினர் இருந்த அத்தனை நாளும் விடிவதற்கு முன்பே வந்து கழிப்பறைகளைக் கழுவி, வாளிகளை நிரப்பி வைத்தார். அழைப்பிதழில் பதினான்கு பெயர்கள், அவர் பெயர் இல்லை. எனக்கு இன்னும் கோபம்தான். லைப்சிக் ஆசிரியை கிளம்பும் அன்று அவரைத் தேடிப் போய்க் கட்டிப்பிடித்தார். ஆயாம்மா, “கை ஈரம்மா, ஈரம்” என்று கைகளை விலக்கி வைத்துக்கொண்டே நின்றார். நன்றி, ஆயாம்மா.

கடைசியாக ஒரு வேலை. விருந்தினருக்காக இரவல் வாங்கியதில் இரண்டு கொசுவலை, ஒரு ஹாட்பாக்ஸ், ‘ச.மு.’ என்று பெயர் வெட்டிய எவர்சில்வர் தூக்கு ஆகியவை இன்னும் ஸ்டாஃப் ரூம் அலமாரியில் இருக்கின்றன. உரியவர்கள் வாட்ச்மேன் தாத்தாவிடம் சொல்லி வாங்கிக்கொள்ளவும். தூக்கைக் கழுவித்தான் வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
பன்னிரண்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு அக்காக்கள் சார்பில் ஒருத்தி