வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு ஆரம்பிக்கிற நாள் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் திருவல்லிக்கேணியில் குடியிருப்பவன், பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் 27 வருஷமாகக் காகிதக் கடை வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை நண்பகலில் நாங்கள் கூடித் தொழுகிற ஜும்ஆவைப் பற்றி ரொம்ப நாளாக மனதில் கிடப்பதை எழுதுகிறேன். எங்கள் ஆட்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும், ஆனால் இதில் பள்ளிவாசலை ஒட்டிக் குடியிருக்கிறவர்களுக்கும் வேலை கொடுக்கிற முதலாளிகளுக்கும் சம்பந்தம் இருப்பதால் எல்லோரும் படிக்கிற பத்திரிகைக்கே எழுதுவது சரி என்று பட்டது.

போன வெள்ளி நடந்ததைச் சொல்கிறேன். நான் போகிற பள்ளிவாசலில் 12.40க்குத் தமிழில் பயான் என்கிற சொற்பொழிவு, 1.15க்கு அரபியில் குத்பா என்கிற ஜும்ஆ உரை, 1.35க்குள் தொழுகை முடிந்துவிடும். பயான் ஆரம்பிக்கும்போது உள்ளே மூன்று வரிசைகூட நிறையவில்லை, வயதானவர்களும் மதரஸா பிள்ளைகளும்தான். தொழுகை நடத்துகிற ஹஜ்ரத் அன்றைக்குக் கடனைப் பற்றிப் பேசினார். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ இல்லை, கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள் என்று சொல்கிற வசனம் என்று எடுத்துச் சொன்னார். எங்கள் தெருவில் வாய்வார்த்தைக்குச் சரக்கு கொடுத்துவிட்டு ஆறு மாதம் கழித்துச் சண்டை போடுகிறவர்கள் அத்தனை பேரும் கேட்டிருக்க வேண்டிய பேச்சு. அவர்கள் எல்லோரும் 1.20க்கு மேல்தான் வந்தார்கள். தொழுகைக்கு முன் கை கால் கழுவுகிற ஒளுவின் தண்ணீர் முழங்கையிலிருந்து சொட்டச் சொட்ட, உட்கார்ந்திருப்பவர்களின் தோளைத் தாண்டித் தாண்டி முன்னால் இடம் தேடினார்கள். இரண்டு ரக்அத் தொழுது ஸலாம் கொடுத்த கையோடு செருப்பைத் தேடி ஓட்டம். அவ்வளவுதான், அவர்களுக்கு வெள்ளிக்கிழமை முடிந்தது.

வெளியே நடந்தது அதைவிடச் சங்கடம். பள்ளிக்கு எதிர்ச் சந்தில் ஒரு அம்மா இருக்கிறார், வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறவர். கடைசி நேரத்தில் வந்தவர்கள் வண்டியை எங்கே நிறுத்துவது என்று பார்க்காமல் சந்து வாசலை அடைத்து நிறுத்திவிட்டுப் போனதால் ஆட்டோ உள்ளே வர முடியவில்லை. தொழுது முடித்து நாங்கள் வெளியே வரும்போது அவருடைய மகன் அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, இன்னொரு பையன் பின்னால் பிடிக்க, மெயின் ரோடு வரை தூக்கிக்கொண்டு வர முயன்றுகொண்டிருந்தான். ஹேண்டில் லாக் போட்டிருந்த இரண்டு வண்டிகளை நாலு பேர் சேர்ந்து தூக்கி ஓரமாக வைத்து வழி விட்டோம். நான் மன்னிப்புக் கேட்டதற்கு அந்த அம்மா, ‘பரவாயில்லப்பா, உங்களுக்கு நல்ல நாளு’ என்றார். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. பாதையில் கிடக்கிற இடைஞ்சலை அகற்றுவது ஈமானில், அதாவது இறைநம்பிக்கையில், ஒரு பகுதி என்று சொன்ன நபியின் வழி வந்த உம்மத் நாம், தொழ வருகிற அவசரத்தில் நாமே இடைஞ்சலைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனால் அந்தத் தொழுகைக்கு என்ன பதில் சொல்வது?

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். வெள்ளிக்கிழமையை ஒரு முழு நாளாக நாம் நினைப்பதில்லை, 1.15க்கு இருக்கிற ஒரு வேலையாக நினைக்கிறோம்.

எங்கள் அத்தாவுக்கு வெள்ளிக்கிழமை வியாழன் மாலை மஃரிபிலேயே ஆரம்பித்துவிடும், இஸ்லாமியக் கணக்கில் நாள் சூரியன் மறையும்போதுதானே பிறக்கிறது. அன்று இரவே நகம் வெட்டிவிடுவார். அம்மா அவருடைய வெள்ளை ஜிப்பாவைச் சொட்டு நீலம் போட்டு அலசிக் காயப் போட்டிருப்பார். காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, கட்டைவிரல் அளவு பாட்டிலிலிருந்து அத்தரைத் துளிப் பஞ்சில் ஒற்றி, அதை உருட்டிக் காதுமடலுக்குள் செருகிக்கொள்வார், மீதி விரலில் ஒட்டியிருப்பதை எங்கள் சட்டைக் காலரில் தடவிவிடுவார். 12 மணிக்கெல்லாம் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வாலாஜா பெரிய பள்ளிக்கு நடந்துவிடுவார். 1795இல் ஆற்காடு நவாபு குடும்பத்தார் கட்டிய கருங்கல் பள்ளி அது, சித்திரை வெயிலில்கூட உள்ளே போனால் ஒரு குளுமை இருக்கும். அந்தக் குளுமையில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதே எனக்கு அப்போது பெரிய விஷயமாக இருந்தது. ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டதற்கு அத்தா ஒட்டகக் கணக்கைச் சொன்னார். ஜும்ஆவுக்கு முதல் நேரத்தில் போகிறவர் ஒட்டகத்தைக் குர்பானி கொடுத்தவர் போல, அடுத்து போகிறவர் மாடு, அப்புறம் கொம்புள்ள ஆடு, அப்புறம் கோழி, கடைசியில் முட்டை. இமாம் வந்துவிட்டால் வானவர்கள் வருகிறவர்களைப் பதிகிற ஏட்டை மூடிவிட்டு உரையைக் கேட்க உட்கார்ந்துவிடுவார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிற ஹதீஸ் இது. ‘நாம முட்டைக்குப் போகக் கூடாதுடா’ என்பார் அத்தா.

தோளைத் தாண்டி வந்த ஒருவரைப் பார்த்து ‘உட்காருங்கள், நீங்கள் மக்களுக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டீர்கள்’ என்று நபியவர்கள் குத்பாவுக்கு நடுவிலேயே சொன்னதும் ஹதீஸில் இருக்கிறது. பக்கத்தில் பேசுகிறவரைப் பார்த்து ‘சும்மா இரு’ என்று சொல்வதுகூட அந்த நேரத்தில் வீண் பேச்சு என்று இருக்கும்போது, மடியில் செல்போனை வைத்துத் தள்ளிக்கொண்டிருப்பதை என்னவென்று சொல்ல.

லேட்டாக வருகிற எல்லோரையும் ஒரே கம்பில் அடிக்கவில்லை. உணவு டெலிவரி செய்கிற ஒரு தம்பி பெரிய சதுரப் பையோடு வாசலில் வந்து நிற்பான், பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பான். மதியம் ஒரு மணிதான் அவனுக்கு ஆர்டர் குவிகிற நேரம், அதில் அரை மணி நேரத்தை விட்டுவிட்டு வருகிறான் என்றால் அன்றைய சம்பாத்தியத்தில் ஒரு பங்கை விட்டுவிட்டு வருகிறான். அவனுக்காக நான் துஆ செய்கிறேன். நான் சொல்வது சொந்தக் கடை, சொந்த நேரம் வைத்திருக்கிற என்னைப் போன்றவர்களை. ஜும்ஆவுக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை விட்டுவிட்டு விரைந்து வாருங்கள் என்று குர்ஆன் சொல்கிறது, அடுத்த வசனத்திலேயே தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுங்கள் என்றும் சொல்கிறது. நாள் முழுக்கக் கடையை மூடு என்று சொல்லவில்லை. 12 மணிக்கு ஷட்டரை இறக்கினால் வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள் என்று நானும் முதல் சில மாதம் பயந்தேன், அதுவும் கல்யாணப் பத்திரிகை சீசனில். யாரும் போகவில்லை, 2 மணிக்கு மேல் வரப் பழகிக்கொண்டார்கள். பக்கத்துக் கடைக்காரர் எனக்கு அண்ணன் மாதிரி, சபரிமலைக்கு மாலை போடுகிறவர், வெள்ளிக்கிழமை நண்பகலில் எனக்கு லோடு வந்தால் அவரே கையெழுத்துப் போட்டு இறக்கி வைத்துவிடுவார். ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை மட்டும் சாப்பாட்டு நேரத்தை 12.30 முதல் 1.45 வரை என்று நகர்த்திக் கொடுத்தால் உங்களிடம் இருக்கிற பையன் ஓடாமல் நடந்து வருவான், வண்டியையும் ஒழுங்காக நிறுத்துவான்.

ஜும்ஆவுக்கு வெளியே இருக்கிற வெள்ளிக்கிழமையைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதை நாம் அப்படியே கைவிட்டுவிட்டோம். காலையில் ‘ஜும்ஆ முபாரக்’ படத்தை ஐம்பது பேருக்கு அனுப்புகிற நேரத்தில் குர்ஆனில் குகை அத்தியாயமான சூரத்துல் கஹ்ஃபைத் திறக்கலாம். 110 வசனம், நிதானமாக ஓதினாலும் அரை மணி நேரத்துக்குப் பக்கம்தான். அரபி ஓதத் தெரியாதவர்கள் தமிழ் மொழிபெயர்ப்பையாவது படியுங்கள். குகைவாசிகள், மூஸா நபியும் கிழ்ரும், துல்கர்னைன் எல்லாம் அதில்தான் வருகிறார்கள். என்னை ஒவ்வொரு வாரமும் நிறுத்துவது இரண்டு தோட்டம் வைத்திருந்த ஒருவனின் கதை. திராட்சைத் தோட்டமும் பேரீச்சையும் நடுவே ஆறும் வைத்திருந்தவன், ‘இது ஒருநாளும் அழியும் என்று நான் நினைக்கவில்லை’ என்று நண்பனிடம் சொல்கிறான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் என் குடோனில் இடுப்பளவு தண்ணீர் நின்று ரீம் ரீமாகக் காகிதம் கூழாகிப்போனதைப் பார்த்த பிறகு அந்த வசனத்தை நான் வேகமாகத் தாண்டுவதில்லை.

அப்புறம் அஸர் என்கிற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு. வெள்ளிக்கிழமையில் ஒரு நேரம் இருக்கிறது, அந்த நேரத்தில் அடியான் கேட்கிற நல்லதை அல்லாஹ் கொடுக்காமல் இருப்பதில்லை என்று ஹதீஸ். இமாம் மிம்பர் மேடையில் உட்கார்ந்ததிலிருந்து தொழுகை முடியும் வரை என்று ஒரு அறிவிப்பு, அஸருக்குப் பிந்திய கடைசி நேரம் என்று இன்னொன்று. இரண்டையும் பிடித்துக்கொள்வதில் நமக்கு என்ன நஷ்டம்? நான் அஸரைத் தொழுதுவிட்டு மெரினாவில் கண்ணகி சிலைக்குப் பின்னால் மணலில் போய் உட்கார்ந்துவிடுவேன். போனைக் கடையிலேயே வைத்துவிடுவேன். நபிமீது கொஞ்சம் ஸலவாத் வாழ்த்து, கொஞ்சம் துஆ, கொடுக்க வேண்டிய பாக்கி, படிக்கிற மகள், இறந்துபோன அத்தா, இந்த வாரம் அந்த டயாலிசிஸ் அம்மா. தொழில் நன்றாக இருந்த வருஷமும் இல்லாத வருஷமும் அந்த மணலில்தான் எனக்கு விளங்கியிருக்கிறது.

இதில் பெண்களுக்கு எதுவும் குறைவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜும்ஆத் தொழுகை அவர்கள்மீது கடமை இல்லை, ஆனால் குளிப்பு, கஹ்ஃப், ஸலவாத், அந்த மாலை நேரத்து துஆ எல்லாம் அவர்களுக்கும் உண்டு. அதற்கு அவர்களுக்கு நேரம் வேண்டாமா? வெள்ளிக்கிழமை பிரியாணி வேண்டும் என்று சொல்லிவிட்டு அத்தா 12 மணிக்குக் கிளம்பிய பிறகு அம்மா அடுப்படியில்தான் நின்றார். இப்போது எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மதியம் எளிமையான சாப்பாடுதான்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் இரண்டு கோரிக்கை. வாசலில் இரண்டு இளைஞர்களை நிறுத்தி 12.30லிருந்தே வண்டிகளை ஒழுங்குபடுத்தச் சொல்லுங்கள், எந்தச் சந்து வாசலையும் யாரும் அடைக்க விடாதீர்கள். டெலிவரி பையன்களின் பையை வைக்க ஒரு பலகை போட்டுக் கொடுங்கள்.

ஆசிரியரிடமும் ஒன்று. சென்னையில் சூரியன் மறைவது நவம்பர் கடைசியில் 5.40ஐ ஒட்டி, ஜூலையில் 6.40ஐ ஒட்டி, ஒரு மணி நேர வித்தியாசம். கடையை எப்போது விட்டு எழுந்திருப்பது என்று கணக்குப் பார்க்க வசதியாக, வெள்ளிக்கிழமை இதழில் அன்றைய சூரிய மறைவு நேரத்தைப் பஞ்சாங்கக் கட்டத்துக்குள் பொடி எழுத்தில் போடாமல் கண்ணில் படுகிற மாதிரி போட முடியுமா?

இப்படிக்கு,
திருவல்லிக்கேணி வாசகர் ஒருவர்,
சென்னை - 5