கடைத்தெரு வணிகர் சங்கம், ஜார்ஜ் டவுன், பினாங்கு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது, தீபாவளி மாதம் தவிர. அந்த மாதம் யாரைக் கூப்பிட்டாலும் வரமாட்டார்கள், நானும்தான். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டும் பேச்செல்லாம் வாடகையைப் பற்றித்தான். வாடகைக் கட்டுப்பாடு 2000-இல் நீங்கியதும் பழைய குடித்தனக்காரர்கள் கிளம்பத் தொடங்கினார்கள். 2008-இல் யுனெஸ்கோ நம் ஊரை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் போட்டது. அப்புறம் கடைவீடு ஒவ்வொன்றாக விடுதியும் காப்பிக் கடையுமாக மாறியது. முகப்பை இஷ்டத்துக்கு இடிக்க முடியாது, அதற்கு விதி உண்டு. உள்ளே மிளகாய் அரைத்துப் பிழைப்பவரைக் காப்பாற்ற விதி கிடையாது.

நம் மசாலா மில் உறுப்பினரின் சங்கதி உங்களுக்குத் தெரியும். பக்கத்துக் கடைவீடு விடுதியானது. காலையில் மல்லியும் மிளகாயும் அரைத்தால் விருந்தினர் தும்முகிறார்களாம், புகார் போனது. விசாரிக்க வந்த அதிகாரியோடு நானும் நின்றேன். அவர் தும்மிக்கொண்டே படிவத்தை நிரப்பிவிட்டு, போகும்போது அரைக் கிலோ மீன் மசாலா வாங்கிக்கொண்டார். காசு கொடுத்துத்தான். ஆனாலும் பதினொரு மணிக்கு மேல்தான் மில் ஓடலாம் என்று முடிவானது. சோற்றில் பலவகைக் குழம்பு ஊற்றிக் கொடுக்கும் நாசி கண்டார் கடைக்காரர்களுக்கு மசாலா விடியலிலேயே வேண்டும். இரண்டு பேர் பாக்கெட் தூளுக்கு மாறிவிட்டார்கள்.

கடைகளுக்கு முன்னால் ஓடும் கூரையிட்ட நடைபாதையான அஞ்சடியில் பூத்தொடுக்கும் அக்காவின் இடத்தில் இப்போது காப்பிக் கடையின் செடித் தொட்டிகள். பேசிப் பார்த்தோம், ஒரு தொட்டி நகர்ந்தது. அக்கா அந்த இடைவெளியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து செட்டியார் வெள்ளி ரதம் புறப்படுவதைப் புதிதாக வந்த கடைக்காரர் ஒருவருக்கு யாருமே சொல்லவில்லை. காலையில் கடைவாசலில் தேங்காய் சிதறுவதைப் பார்த்து மிரண்டுபோனார். நேரில் போய் விளக்கினேன். சாயங்காலம் நம் தண்ணீர்ப் பந்தலுக்கு ஐஸ் அனுப்பினார். வருகிற ஆண்டு எல்லாப் புதுக் கடைகளுக்கும் முன்கூட்டியே போய்ச் சொல்லலாம் என்பது என் யோசனை.

சுற்றுலாப் பயணிகளுக்கான வரைபடத்தில் சுவரோவியங்கள் இருக்கின்றன, நம் கடைகள் இல்லை. நாமே ஒன்று அச்சடிக்கிறோம். கடைப் பெயரோடு என்ன விற்கிறீர்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள். போன முறை மூன்று பேர் ‘தெரியும்தானே’ என்று எழுதியிருந்தார்கள்.

இப்படிக்கு,
செயலாளர்