தண்ணி எப்படி வெளியே வரும் என்று கேட்டவர்களுக்கு

வணக்கம்.

சூட்டைத் தணிக்கக் கம்ப்யூட்டர் கேஸை வெட்டி, உள்ளே தண்ணீர்க் குழாய் ஓட்டப் போகிறேன் என்று சொன்னபோது "ஏன், ஃபேன் பத்தலையா?" என்று கேட்காதவர்களுக்கும், கேட்டுவிட்டு உதவியவர்களுக்கும் இந்த மடல். திட்டம் ஒருவழியாகத் தாளில் முடிந்துவிட்டது. தகடு வெட்டக் கொடுப்பதற்கு முன்பே நன்றி சொல்லிவிடுகிறேன். வெட்டிய பிறகு என் மனநிலை எப்படி இருக்கும் என்று தெரியாது. பெயர் போட்டால் ஊரிலுள்ள பையன்கள் எல்லாம் ஆளுக்கொரு கேஸைத் தூக்கிக்கொண்டு பட்டறை வாசலில் நிற்பார்கள் என்று லேத் அண்ணன் பயப்படுகிறார். அதனால் யார் பெயரும் இங்கே இல்லை. உங்களை உங்களுக்குத் தெரியும்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டடங்களை முப்பரிமாணப் படமாக ரெண்டர் செய்து கொடுப்பது என் பிழைப்பு. ரைசன் 9 5950எக்ஸ் பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு. முழு மூச்சில் ஓடும்போது முதலாவது 142 வாட், இரண்டாவது 320 வாட். ஆக 460 வாட்டுக்கு மேல் சூடு, இரவு முழுக்க, மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில். ஏசி கிடையாது. கோவை என்றால் குளுகுளு என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். ஏப்ரலில் வந்து பார்க்கட்டும், 36, 37 டிகிரி சாதாரணம். உக்கடத்தில் பழைய சாமான் கடையில் கிடைத்த ஒரு பெரிய இரும்பு டவர் கேஸ் கைவசம் இருந்தது. அதன் மேல்தகட்டையும் முன்தகட்டையும் மாற்றி, தலா ஒரு 360 அளவு ரேடியேட்டர் (சூடான தண்ணீரை ஃபேன் காற்றில் ஆற்றும் சாமான்) வைப்பதுதான் திட்டம்.

முதல் நன்றி பீளமேட்டுப் பெரியப்பாவுக்கு. பம்ப்செட் கம்பெனியில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த மாதிரி வேலையை எல்லோரும் கேஸின் கண்ணாடிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவார்கள். எந்தக் குழாய் எங்கே வளைந்தால் அழகு, எந்த நிறத் தண்ணீர், எங்கே விளக்கு என்று. பெரியப்பா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு இரண்டே கேள்வி கேட்டார். "காத்து எங்க போகும்? தண்ணி எப்பிடி வெளிய வரும்? இதைச் சொல்லீட்டு அப்புறம் மத்ததைப் பேசு."

அந்த இரண்டு கேள்விகளை வைத்துத்தான் முழுப் படமும் புதிதாக வரையப்பட்டது. வருஷத்துக்கு ஒருமுறையாவது தண்ணீரை மாற்ற வேண்டும். கிராபிக்ஸ் கார்டைக் கழற்ற வேண்டுமென்றாலும் தண்ணீரை வடித்தாக வேண்டும். வடிகால் வால்வு அடிமட்டத்தில் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீரை வெளியேற்ற முழு கேஸையும் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டியதுதான். அதனால் கேஸுக்கு 40 மி.மீ. கால் வைத்து, அடித்தகட்டின் கீழே ஒரு பால் வால்வு. மேலே உள்ள ரேடியேட்டர்தான் சுற்றிலேயே உயரமான இடம். காற்றெல்லாம் அங்கேதான் போய்த் தங்கும். அதன் மறுமுனையில் உபரியாக ஒரு துளை உண்டு. அதை மூடி மறந்துவிடாமல் ஏர் வால்வு மாதிரி பயன்படுத்தச் சொன்னார். தண்ணீர் ஊற்றும் வாய் அதற்கும் மேலே, மேல்தகட்டிலேயே வருகிறது.

பம்ப் விஷயத்தில் பெரியப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் வாங்கியிருப்பது டி5 வகை. 12 வோல்ட், மணிக்கு அதிகபட்சம் 1500 லிட்டர், ஹெட், அதாவது தண்ணீரைத் தூக்கும் உயரம், நாலு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. "நாலு மீட்டரா? மாடித் தொட்டிக்கே ஏறாதே" என்றார். அப்புறம் அவரே விளக்கினார். மூடிய சுற்றில் மேலே ஏறுகிற தண்ணீர் மறுபக்கம் கீழே இறங்குகிறது, உயரம் உயரத்தோடு கழிந்துவிடும். பம்ப் ஜெயிக்க வேண்டியது உராய்வை மட்டும்தான். அந்த உராய்வு எங்கே இருக்கிறது என்றால் பிளாக்குகளுக்குள்ளே (பிராசசர், கார்டு மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கும் செம்புக் கட்டிகள்) இருக்கும் மயிரிழை இடைவெளிகளிலும், நாம் ஆசைப்பட்டு வைக்கும் எல்போ வளைவுகளிலும். என் படத்தில் எல்போ பாதியாகக் குறைந்தது அவரால்தான். இந்தப் பம்பின் ரோட்டார் தண்ணீரிலேயே சுற்றுகிறது, தண்ணீர்தான் அதற்கு மசகு. வறண்டு ஓடினால் பேரிங் போய்விடும். தானாக உறிஞ்சியும் எடுக்காது, முதலில் தண்ணீரை நிரப்பிக் கொடுக்க வேண்டும், அதுதான் பிரைமிங். "ஃபுட் வால்வும் இல்ல, பிரைமிங் பண்ண ஆளும் இல்ல, அப்ப தொட்டி பம்புக்கு மேலதான் இருக்கோணும்." ஆகவே பம்ப் அடியில், தொட்டி அதன் தலைமேல். கண்ணாடிக்கு நடுவில் தொட்டியை மிதக்க விட வேண்டும் என்ற ஆசை அதோடு முடிந்தது.

கல்லூரியில் வேதியியல் எடுக்கும் அக்காவுக்கு இரண்டு விஷயத்துக்கு நன்றி. ஒன்று, முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்த ஒரு சண்டையை ஐந்து நிமிடத்தில் முடித்து வைத்தது. தண்ணீர் முதலில் பிராசசருக்குப் போக வேண்டுமா, கிராபிக்ஸ் கார்டுக்கா, இரண்டுக்கும் நடுவில் ஒரு ரேடியேட்டர் வேண்டுமா என்று நண்பர்களுக்குள் பெரிய பட்டிமன்றம். அக்கா தாளில் கணக்குப் போட்டாள். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4,186 ஜூல் வேண்டும். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால், 462 வாட் சூட்டையும் வாங்கிக்கொண்ட தண்ணீர் தன் சூட்டில் ஏறுவது 1.7 டிகிரிக்குள். சுற்றின் மிகச் சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் வித்தியாசமே அவ்வளவுதான் என்றால் வரிசை எதுவாக இருந்தால் என்ன? எது குறுகிய வழியோ அதில் போ என்றாள். சரி, போயாயிற்று.

இரண்டாவது, தண்ணீர். சுத்தமான தண்ணீரில் மின்சாரம் பாயாது, ஒழுகினாலும் பயமில்லை என்று ஒரு பேச்சு உண்டு. அக்கா அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. பாட்டிலில் இருக்கும்வரைதான் அது சுத்தம். செம்பையும் பித்தளையையும் தொட்டுக்கொண்டு ஓடும் தண்ணீர் கொஞ்ச நாளில் அயனிகளைச் சேர்த்துக்கொள்ளும். மதர்போர்டின் மேல் உள்ள தூசியும் ஈரத்தோடு சேர்ந்தால் மின்சாரத்துக்கு வழிதான். ஆகவே ஒழுகாமல் கட்டுவது ஒன்றுதான் வழி. நாங்கள் பெருமையடித்துக்கொள்ளும் சிறுவாணித் தண்ணீரை ஊற்றினால் என்ன என்று அம்மா கேட்டார். குடிக்க ருசியாக இருப்பதே அதில் கரைந்திருக்கும் உப்பால்தான், அதெல்லாம் இங்கே வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள். காய்ச்சி வடித்த தண்ணீர், அதில் அரிப்பைத் தடுக்கவும் பாசி பிடிக்காமல் இருக்கவும் கலக்கும் திரவம். அவ்வளவே.

குழாய் விஷயத்தில் தோற்ற நண்பனுக்கும் நன்றி, தோற்றாலும் கடைசிவரை வாதாடியதற்காக. அவனுக்குக் கடினக் குழாய்தான் வேண்டும், கண்ணாடி போல நிற்க வேண்டும். ஆனால் தண்ணீர்க் குளிர்விப்பு எதுவும் அறையின் சூட்டுக்குக் கீழே இறங்காது. நல்ல ரேடியேட்டர் பரப்பு இருந்தால் அறையைவிடத் தண்ணீர் 10 டிகிரி கூடுதலாக நிற்கும். ஐரோப்பாவில் 22 டிகிரி அறையில் இருப்பவருக்கு அது 32. என் அறையில் 37 என்றால் 47. ஒரு ஃபேன் நின்றுபோனால் இன்னும் ஏறும். 60 டிகிரியை நெருங்கினால் பிஇடிஜி என்ற பிளாஸ்டிக்கில் செய்த கடினக் குழாய் இளகத் தொடங்கும். பம்புக்கும் 60 டிகிரிதான் எல்லை. ஆகவே உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16 மி.மீ. உள்ள கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் குழாய். அழகில்லைதான். வெளிச்சம் புகாது, பாசிக்கும் வழியில்லை. நாளைக்கு இடம் மாற்ற வேண்டுமென்றால் கத்தியால் வெட்டி மாட்டிக்கொள்ளலாம்.

இனி கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன். அவர் செய்து கொடுத்ததைவிடச் செய்ய மறுத்ததற்குத்தான் நன்றி அதிகம். கம்ப்யூட்டர்த் தண்ணீர்ச் சாமான் எல்லாவற்றிலும் மரை ஒரே அளவுதான், ஜி 1/4. கால் இஞ்ச் மரை கோவையில் தெருவுக்குத் தெரு கிடைக்குமே, நியூமேட்டிக் (காற்றழுத்தச் சாமான்) கடையில் வாங்கினால் விலை எவ்வளவோ குறைவு என்று நான் சொன்னேன். அண்ணன் ஒன்றை வாங்கி வரச் சொல்லி மரை அளக்கும் கேஜை வைத்துக் காட்டினார். இஞ்சுக்கு 19 மரை, கோணம் 55 டிகிரி, அதெல்லாம் சரி. ஆனால் கடையில் கிடைத்தது நுனி நோக்கிக் குறுகும் மரை. டெஃப்லான் டேப் சுற்றி இறுக்குவதற்காகச் செய்தது. நமக்கு வேண்டியது நேர் மரை, நீர் கசியாமல் பிடிப்பது அடியிலுள்ள ஓ-ரிங். குறுகும் மரையை அக்ரிலிக் தொட்டியில் இறுக்கினால் ஆப்பு அடித்த மாதிரி வாய் பிளந்துவிடும். "இரும்புல ஓடும் தம்பி, இதுல ஓடாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) செம்பு என்று சொல்லிக் கறுப்புப் பெயின்ட் அடித்த ரேடியேட்டர் ஒன்றைக் கொடுத்தார்கள். அண்ணன் அதைக் கையில் தூக்கிப் பார்த்ததுமே முகம் சுளித்தார். துளையின் ஓரத்தில் அரத்தால் லேசாகச் சுரண்டினார். பித்தளை என்றால் மஞ்சளாகத் தெரிய வேண்டும், வெள்ளையாகத் தெரிந்தது. அலுமினியம். பிளாக் இரண்டும் செம்பு. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் இருந்தால் அது ஒரு பேட்டரி, அரிபடுவது அலுமினியம். வேறு ரேடியேட்டர் வாங்கினேன். மேல்தகட்டைத் தாண்டி வரும் ஊற்றுவாயை மட்டும் அண்ணனே பித்தளையில் கடைந்து தருகிறார். கூலி கேட்டால் டீ வாங்கிக் கொடு என்கிறார்.

தங்கைக்கு: ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி நீ மாதிரி செய்யாமல் இருந்திருந்தால் இந்தத் திட்டம் கம்ப்யூட்டர்த் திரையிலேயே சரியாக இருந்திருக்கும், கேஸுக்குள் போயிருக்காது. 360 ரேடியேட்டர் என்பது மூன்று 120 மி.மீ. ஃபேன் என்பதற்கான பெயர். முனைத் தொட்டிகளோடு சேர்த்தால் உண்மையான நீளம் 400 மி.மீ. அளவுக்கு வந்துவிடும். தடிமன் 45, ஃபேன் 25, ஆக 70 மி.மீ. மேலேயிருந்து இறங்கி மதர்போர்டின் பவர் கேபிளில் இடித்ததை அட்டையில்தான் பார்த்தோம். மேலே 30 மி.மீ. தடிமன், முன்னால் 45 என்று மாற்றிக்கொண்டோம். குழாய்க்குப் பதில் தோட்டத்து ஹோஸ் துண்டை வைத்து வளைத்துப் பார்த்ததும் அவள் யோசனை.

குறிச்சி சிட்கோவில் லேசர் வெட்டும் நண்பர் வரைபடத்தில் சிவப்பு மை நிறையச் செலவழித்தார். ஃபேன் திருகுத் துளைகளுக்கு இடையே 105 மி.மீ., ஒரு ஃபேனுக்கும் அடுத்ததற்கும் நடுவே 15 மி.மீ. என்பது பொது வழக்கம். ஆனால் ரேடியேட்டருக்கு ரேடியேட்டர் அரை மில்லிமீட்டர் அங்கே இங்கே போகும், வட்டத் துளை வேண்டாம், நீளத் துளையாகப் போடு என்றார். மடிப்புக்கு ஒட்டித் துளை வைத்தால் வளைக்கும்போது கோணலாகும் என்று நான்கு துளைகளை உள்ளே தள்ளினார். 1.2 மி.மீ. தகடு, 25 மி.மீ. ஃபேன், ஆகவே 30 மி.மீ. திருகு. கடையில் 35 தான் இருக்கிறது என்று அதை எடுத்து முறுக்கினால் நுனி நேராகத் தண்ணீர்க் குழாயில் போய் ஓட்டை போடும்.

பவுடர் கோட்டிங் கடைக்காரர் சொன்ன ஒரு வரிக்கு நன்றி: மரைத் துளைகளையும் மதர்போர்டு உட்காரும் இடங்களையும் டேப் ஒட்டி மறைத்துக் கொடு. அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது, எர்த் வேண்டுமே. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் அண்ணன், லேசரில் வெட்டிய அக்ரிலிக் ஓரத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதே, நூல் நூலாக வெடிக்கும் என்று எச்சரித்தார். நான் நிச்சயம் துடைத்திருப்பேன்.

ஸ்பின்னிங் மில்லில் மெயின்டெனன்ஸ் பார்க்கும் மாமா ரேடியேட்டரின் இதழ்களைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நெருக்கமாக இருந்தால் பஞ்சு அடைத்துவிடும் என்றார். எங்கள் தெருவுக்கு அந்தப் பக்கம் மில்தான். இதழ் நெருக்கம் குறைந்த ரேடியேட்டர், முன்னால் கழற்றிக் கழுவும் வலை. உள்ளே இழுக்கும் காற்று வெளியே போவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்படி ஃபேன் வேகம் வைத்தால் சந்துகள் வழியே தூசி புகாது என்பதும் அவர் சொன்னதே.

ஏசி மெக்கானிக் தம்பி அழுத்தம் பார்க்கும் கேஜ் தர ஒப்புக்கொண்டிருக்கிறான். தண்ணீர் ஊற்றுவதற்கு முன் வெறும் காற்றை 0.5 பார், அதாவது ஏறத்தாழ 7 பிஎஸ்ஐ ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அவன் ஏசி பைப்பில் நைட்ரஜன் அடிக்கும் அழுத்தத்துக்கு இது கால் தூசு. "இதுக்கு எதுக்குண்ணா கேஜு, வாயால ஊதலாமே" என்றான். ஆனாலும் கேஜ் வேண்டும் தம்பி, ஞாபகமாகக் கொண்டு வா.

தகடு தயாரானதும் சொல்கிறேன். முதலில் தண்ணீர் ஊற்றும்போது போர்டுக்கு மின்சாரம் கிடையாது. பவர் சப்ளையின் 24 பின் கனெக்டரில் பச்சைக் கம்பியைக் கறுப்போடு இணைத்துப் பம்பை மட்டும் ஓட்டப் போகிறோம். பெரியப்பா கட்டாயம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மற்றவர்களும் வரலாம், பழைய துணி கொண்டு வந்தால் நல்லது. நீளத் துளை போட்ட அந்த வரைபடக் கோப்பு யாருக்கு வேண்டுமானாலும் தருகிறேன். சிட்கோ நண்பர், சிவப்பு மை உட்பட அப்படியே கொடுக்கச் சொல்லிவிட்டார்.

நன்றியுடன்,
மாடி அறை ரெண்டரிங்காரன்
கோயம்புத்தூர்