கதவோரம் நிற்பவரையும் கணக்கில் எடுங்கள்

அணுக்கழிவு அகற்றும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஆபத்தான இடத்துக்கு ஆளுக்குப் பதில் ரோபோவை அனுப்புகிறீர்கள். முழு மனதோடு வரவேற்கிறேன். 1986-இல் வெடித்த செர்னோபில் அணுமின் நிலையத்தின் கூரையில் இறக்கிய ரோபோக்கள் கதிர்வீச்சில் செயலிழந்தன. உலையிலிருந்து சிதறிய, கதிர்வீச்சு மிகுந்த கிராஃபைட் துண்டுகளை மனிதர்களே அள்ளிப் போட்டார்கள். உடம்பில் ஈயத் தகடு, கையில் மண்வாரி. ஓடிப்போய் ஒரு அள்ளு, இரண்டு அள்ளு, சைரன் கேட்டதும் திரும்பி ஓட்டம். பலருக்குக் கிடைத்தது ஓரிரு நிமிடம்தான். அவர்களை 'உயிருள்ள ரோபோக்கள்' என்றே அழைத்தார்கள். நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

சரி, இப்போது ரோபோ உள்ளே போகிறது. அதைக் கதவுவரை கொண்டுவந்து, குழாய் பொருத்தி, கேபிள் இழுத்துவிடுவது யார்? மனிதர்கள்தான். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையம், 2-ஆம் உலை, 2024 ஆகஸ்ட். 2011 விபத்தில் உருகி உறைந்த எரிபொருளில் ஒரு துணுக்கை எடுக்க, தூண்டில்போல நீளும் கருவி தயாராக இருந்தது. அதை உள்ளே தள்ளும் 5 குழாய்களின் வரிசை மாறியிருந்ததால் தொடங்கிய அன்றே வேலை நின்றது. அவற்றை அடுக்கியவர்கள் கதிர்வீச்சு மிகுந்த இடத்தில், மாஸ்க்கும் கனத்த உடுப்புமாக, சீக்கிரம் முடித்து வெளியேற வேண்டியவர்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்புறம் கேமராவும் மக்கர் செய்தது. அதை மாற்ற மறுபடியும் ஆள் வேண்டியிருந்தது. நவம்பரில் கைக்கு வந்தது சுமார் 0.7 கிராம். உள்ளே இருப்பதாக மதிப்பிடுவது 3 உலைகளிலும் சேர்த்து 880 டன். இன்னும் எத்தனை தடவை அந்தக் கதவோரம் ஆள் நிற்க வேண்டியிருக்கும்!

ரோபோ எவ்வளவு கதிர்வீச்சு தாங்கும், எவ்வளவு எடை தூக்கும் என்று கேட்டு வாங்குகிறீர்கள். அதை நிறுவவும் பழுதுபார்க்கவும் ஓர் ஆள் எத்தனை நிமிடம் அங்கே நிற்க வேண்டும் என்றும் கேளுங்கள். அடுக்கடுக்காகக் கையுறை போட்ட விரலுக்கு எட்டாத போல்ட்டை வரைபடத்திலேயே நீக்கிவிடுங்கள். தப்பான வரிசையில் வைத்தால் பொருந்தவே பொருந்தாத மாதிரி குழாய் முனைகளை வடிவமைக்கலாமே! ஒத்திகையின்போது, வடிவமைத்த பொறியாளரும் அதே மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஒரு தடவை பொருத்திப் பார்க்கட்டும்.

2015-இல் ஃபுகுஷிமா 1-ஆம் உலைக்குள் சிக்கிய ரோபோவை, கேபிளை வெட்டி அங்கேயே விட்டுவிட்டார்கள். நல்ல முடிவு. இயந்திரம் போனால் போகட்டும்.

அடுத்த டெண்டரில் அந்த நிமிடக் கணக்குக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

அன்புடன்,
இந்த வேலையை அக்கறையோடு கவனித்துவரும் ஒருவன்