தலைப்பிரட்டைத் தொட்டியும் பிளீச்சிங் பவுடரும்

சேலையூர், சென்னை
நவம்பர் 16

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கொட்டுகிற மழைக்கு நடுவே வந்து சேர்ந்தது. உறையின் ஓரம் ஊறியிருந்தாலும் எழுத்து அழியவில்லை. நீ மைப்பேனாவை விட்டுப் பால்பாயின்ட்டுக்கு மாறியதில் அதுவும் ஒரு நன்மை. மூட்டுவலி தணிந்திருப்பதை அறிந்து நிம்மதியானேன். எங்கள் தெருவில் இரண்டு நாள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்று இப்போதுதான் வடிந்திருக்கிறது. மோட்டார் மட்டும் கெட்டுப்போய் ஆளைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

மலர்விழி ஓடையிலிருந்து தலைப்பிரட்டைகளைப் பாட்டிலில் பிடித்துவந்து தோட்டத்துச் சிமென்ட் தொட்டியில் வளர்ப்பதாகவும், கிருமி வராமலிருக்கத் தொட்டியை நாள்தோறும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவலாமா என்றும் கேட்டிருக்கிறாய். 'கூடாது' என்று ஒரே சொல்லில் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் முப்பத்தொரு ஆண்டு நுண்ணுயிரியல் நடத்தியவனிடம் நீ கேட்டுவிட்டாய். கடிதம் நீளத்தான் செய்யும்.

குளோரினே தலைப்பிரட்டைக்கு நஞ்சு என்பது முதல் காரணம். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. தோலால் உறிஞ்சிக்கொள்கிறது, மூச்சின் ஒரு பகுதியையும் தோலாலேயே விடுகிறது, உடலின் உப்புச் சமநிலையையும் அந்த ஈரத்தோல்தான் காக்கிறது. இத்தனை வேலை செய்யும் தோலின்மீது பாக்டீரியாக்கள் ஊராகக் குடியிருக்கின்றன. தவளைச் சுரப்பிகளின் சளியைத் தின்று வாழும் அந்தக் குடிகளில் பல, வெளியிலிருந்து வரும் பூஞ்சைகளை ஒடுக்கும் வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. கழுவித் தள்ளினால் அழுக்கோடு காவலும் போய்விடும்.

அந்தக் காவல் யாருக்கு எதிராக என்பதையும் எழுத வேண்டும். 1999-இல் விவரிக்கப்பட்ட பட்ராகோகைட்ரியம் டென்ட்ரோபாட்டிடிஸ் என்ற பூஞ்சை, தவளைத் தோலின் கெரட்டின் (நம் நகத்திலும் முடியிலும் உள்ள புரதம்) அடுக்கில் புகுந்து வளர்கிறது. தோல் தடித்து, சோடியமும் பொட்டாசியமும் குறைந்து, கடைசியில் இதயம் நின்று தவளை சாகிறது. உலகெங்கும் 501 இருவாழ்வி இனங்களின் சரிவில் இதற்குப் பங்கு உண்டு என்றும், அவற்றுள் 90 அழிந்தே போயிருக்கலாம் என்றும் 2019-இல் ஓர் ஆய்வுக் குழு கணக்கிட்டது. அந்த எண்ணிக்கையை மறுத்தவர்களும் உண்டு, ஆனால் மத்திய அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஓடைகள் ஓசையற்றுப் போனதை யாரும் மறுக்கவில்லை. தலைப்பிரட்டைக்கு உடல்தோலில் கெரட்டின் கிடையாது, வாயைச் சுற்றியுள்ள பற்களில்தான் உண்டு. ஆகையால் பூஞ்சை முதலில் அங்கே தங்கி, வால் மறைந்து கால் முளைத்தபின் உடல் முழுவதும் பரவும். நுணலும் தன் வாயால் கெடும் என்று சொல்லிவைத்தவர்கள் வேறொன்றை நினைத்துத்தான் சொன்னார்கள். இருந்தாலும் வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பழமொழியை விட மனம் வராது.

காவல் குடிகளில் மிகப் புகழ்பெற்றது ஜாந்தினோபாக்டீரியம் லிவிடம். இது வயலாசின் என்னும் கத்தரிப்பூ நிறப் பொருளைச் சுரக்கும். பூஞ்சைக்கு அது ஆகாது. அமெரிக்காவின் சியரா நெவாடா மலையில் மஞ்சள்கால் மலைத்தவளைகள் ஏரி ஏரியாக மடிந்துகொண்டிருந்தபோது, ஆய்வாளர் ரீட் ஹாரிசும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்தப் பாக்டீரியா கலந்த நீரில் சில தவளைகளை ஊறவைத்துப் பிறகு பூஞ்சையோடு விட்டுப் பார்த்தார்கள். ஊறவைத்தவை பிழைத்தன, மற்றவை பெரும்பாலும் இறந்தன. 2009-இல் வெளியான அந்தக் கட்டுரையை நான் படித்த மாலை இன்னும் நினைவிருக்கிறது. மகிழ்ச்சியைவிடக் கூச்சம்தான் மிகுதி. ஏனென்றால் கிணற்றுநீரைத் தடவி நுண்ணுயிர் வளர்த்த அகார் என்னும் ஊட்டக்கூழ்த் தட்டுகளில் அதே கத்தரிப்பூ நிறத்தில், பளபளவென்று, வட்ட வட்டமாக எழும் புள்ளிகளை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். நம் ஊர்த் தண்ணீரில் அது பெரும்பாலும் குரோமோபாக்டீரியம், வேறு பேரினம். நிறப்பொருள் மட்டும் ஒன்றே. 'கலப்படம், தட்டைத் தூக்கிப்போடு' என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவேன். அது யாருக்கு எதிராகச் சுரக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஆனால் இதைப் பாட்டில் மருந்தாக நினைத்துவிடாதே. பனாமாவின் பொன்தவளை காட்டில் அற்றுப்போனதாகவே கருதப்படுகிறது. பூஞ்சை எல் வாயே ஊரை நெருங்கிய 2006-இல் காட்டிலிருந்து பிடித்த தவளைகளை ஓர் ஓட்டலின் அறைகளில் வைத்துக் காப்பாற்றினார்கள். அந்த இனத்தின் மீதும் இதே பாக்டீரியாவைப் பூசிப் பார்த்தார்கள். சில வாரங்களிலேயே அது தோலைவிட்டு மறைந்துவிட்டது, தவளைகள் இறந்தன. உன் வீட்டு உறைமோரை என் வீட்டுப் பாலில் ஊற்றினால் தயிராகிவிடும். சியரா மலைத்தவளையின் உறை பனாமாத் தவளையிடம் தோயவில்லை. பிற்பாடு பனாமாவிலேயே வேறு தவளைகளின் தோலிலிருந்து எடுத்த பாக்டீரியாக்களைப் பூசினார்கள், அவையும் நிலைக்கவில்லை. அந்தச் சோதனையில் தப்பிய சில பொன்தவளைகளைப் பார்த்தால், அவற்றின் தோலில் சோதனைக்கு முன்பே இருந்த கூட்டம் இறந்தவற்றின் கூட்டத்திலிருந்து வேறுபட்டிருந்தது. ஒரு பாக்டீரியாவைத் தனியே பூசுவதைவிட, யார் யார் கூடி வாழ்கிறார்கள் என்பதுதான் பெரிது போலும். பூஞ்சையின் வளர்ச்சிக்குத் துணைபோகும் பாக்டீரியாக்களும் அதே தோலில் உண்டு என்பதால், கண்ணை மூடிக்கொண்டு எதையும் சேர்க்கவும் முடியாது.

சுந்தரம், எனக்கு உறுத்துவது இதுதான். அழியும் தவளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுவந்து, வடிகட்டிய நீரும் கிருமி நீக்கிய காகிதமும் வைத்து வளர்க்கிறோம். தவளை பிழைக்கிறது, முட்டையும் இடுகிறது. ஆனால் சில தலைமுறைக்குள் அதன் தோல்கூட்டம் காட்டில் இருந்ததுபோல் இருப்பதில்லை. அப்படிப்பட்ட தவளையைத் திரும்பப் பூஞ்சை உள்ள ஓடையில் விடுவது, மதில் இடிந்த கோட்டைக்குள் குடியேற்றுவது போன்றது. செம்முதுகுச் சாலமாண்டர்கள் என்னும் வாலுள்ள இருவாழ்விகளை அவற்றின் காட்டு மண்ணோடு சேர்த்து வளர்த்தபோது தோல்கூட்டம் குறையாமல் இருந்ததையும், மண் இல்லாமல் வளர்த்தபோது குறைந்ததையும் ஓர் ஆய்வு காட்டியது. பிடி மண்ணும் சருகும் செலவில்லாதவை. பெட்டி வளர்ப்பில் முதலில் கைவிடப்படுபவையும் அவையே.

பழைய கதை ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், பிராக்டிகலுக்காக வந்திறங்கிய தவளைகளைத் துறையின் தொட்டியில் விடும் பொறுப்பு எனக்கு. தொட்டியை நான் நாற்றம் போகும்வரை பிளீச்சிங் போட்டுத் தேய்த்தேன்; குழாய்த் தண்ணீரை நேரே நிரப்பினேன். நான்காம் நாள் பாதிக்குமேல் செத்துக் கிடந்தன. குளோரின்தான் முக்கியக் காரணமாக இருக்க வேண்டும். தவளைகள் தரமற்றவை என்று கொண்டுவந்தவர்மீது பழிபோட்டுப் பணத்தைப் பிடித்தம் செய்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது என் பின்வாசலில் தண்ணீர்த்தொட்டி மூடியின் அடியில் ஒரு தேரை குடியிருக்கிறது. போன செவ்வாய் மாலை அது முதுகைக் கூனிக்கொண்டு, கண்களை அழுந்த மூடி மூடித் திறந்து, தன் தோலையே வாய்க்குள் இழுத்துக்கொண்டிருந்தது. முன்கால்களால் மெல்லிய சவ்வை ஒருபுறமிருந்து உருவி, நூல்போல் திரித்து விழுங்கியது. அதிக நேரம் பிடிக்கவில்லை. முடிந்தபோது முதுகின் பருக்கள் ஈரமாய்ப் புதிதாய் மின்னின. தோலுரிக்கும்போது மேலிருக்கும் பாக்டீரியாக்களும் பெருமளவு போய்விடும், அதன்பின் திரும்பப் பெருகும் என்று பெரிய கரும்புத்தேரைகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். திரும்பப் பெருக அருகே மண்ணும் ஈரமும் இருக்க வேண்டுமே என்று நினைத்து, அன்று தொட்டியடியைப் பெருக்க வந்த அம்மாவைத் தடுத்துவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இந்தப் பூஞ்சை 17 முதல் 25 டிகிரி வரையிலான குளிரில்தான் நன்றாக வளரும், 28-க்குமேல் திணறும். எங்கள் ஊர் வெயில் என் தேரைக்கு ஒரு கவசம். நீ இருக்கும் வால்பாறையின் தட்பவெப்பமோ பூஞ்சைக்குப் பிடித்தது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இந்தப் பூஞ்சை இருப்பது 2011 முதலே தெரியும். பனாமாவில் நடந்ததுபோன்ற பெருஞ்சாவு மட்டும் இங்கே பதிவாகவில்லை. பூஞ்சையின் மூலமே கிழக்காசியா என்று 2018-இல் மரபணு ஆய்வு காட்டியதால், நம் தவளைகளும் அவற்றின் தோல்குடிகளும் நெடுங்காலமாய் அதனோடு பழகியிருக்கலாம் என்று எண்ண இடமிருக்கிறது. ஆனால் வெளியூர்த் தவளை வணிகத்தில் வேறு வகைப் பூஞ்சை வந்திறங்கினால் அந்தப் பழக்கம் உதவுமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

ஆகவே மலர்விழிக்கு இப்படிச் சொல். தொட்டியை அவள் பிடித்த ஓடையின் நீராலேயே நிரப்பட்டும். அடியில் அந்த ஓடையின் மணலும் ஊறிய இலைகளும் கிடக்கட்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை கால் பங்கு நீரை மட்டும் மாற்றினால் போதும். கால் முளைத்ததும் அதே ஓடையில், அதே வளைவில் விட வேண்டும், அடுத்த பள்ளத்து ஓடையில் அல்ல. பிளீச்சிங்கை உன் ரப்பர் பூட்ஸுக்கு வைத்துக்கொள்: ஒரு ஓடையிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் முன் சேற்றைத் தேய்த்துக் கழுவி, கரைசலில் நனைத்து, நன்றாகக் காயவிடு. பூட்ஸில் வருவது அந்நியம், தொட்டியில் இருப்பது சொந்தம். இந்த வேறுபாடு பிடிபட எனக்குத்தான் இத்தனை ஆண்டு பிடித்தது, அவளுக்கு ஒரு நிமிடம் போதும்.

ஓடையருகே காரணமில்லாமல் செத்துக் கிடக்கும் தவளை எதையாவது கண்டால் வெறுங்கையால் தொடாமல், இடத்தையும் நாளையும் குறித்துப் படம் எடுத்து அனுப்பு. இரவில் குரல் எப்போது தொடங்குகிறது, எத்தனை வகைக் குரல் என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுது. இங்கே மழை மறுபடியும் தூறத் தொடங்கிவிட்டது. தேரை மூடிக்கு வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறது.

அன்புடன்,
நாராயணன்